வீடும் வளவும்: அடிக்கட்டை கிண்டுதல்

ரொறன்ரோவில் முதன்முதலாக வீடு வாங்கிப் போன குடும்பங்கள் சில, பின்வளவில் நிற்கும் அடிக்கட்டையை என்ன செய்வதென்று நம்மிடம் கேட்டிருக்கின்றன. இந்நகரில் இப்படிப்பட்ட கட்டைகளுக்குக் குறைவில்லை. 2007இல் இங்கே கண்டறியப்பட்ட மரகதப் பச்சை வண்டு ஆஷ் மரங்களைப் பெருவாரியாகக் கொன்றது. பட்ட மரத்தைத் தறித்த பலர் கட்டையை அப்படியே விட்டுவிட்டார்கள்.

ஆள் பிடித்தால் இயந்திரம் கொண்டுவந்து அரைத்துத் தருவார்கள். வீட்டுக்கடன் கட்டுகிறவர்களுக்கு அந்தக் காசும் பெரிதுதான். ஓரடிக்கு உட்பட்ட குறுக்களவுள்ள கட்டையென்றால் இரண்டு பேர் ஒரு சனி, ஞாயிறில் கையாலேயே எடுத்துவிடலாம் என்பது நமது கணிப்பு. அதற்கு மேலென்றால், அதிலும் மேப்பிள் என்றால், இயந்திரக்காரரையே கூப்பிடுங்கள். முதுகு பிடித்துக்கொண்டால் திங்கட்கிழமை வேலைக்கு யார் போவது?

மண்வெட்டியைத் தொடுமுன் ஒரு தொலைபேசி அழைப்பு. ஊரில் நமது வளவைக் கிண்ட யாரையும் கேட்டதில்லை. இங்கே நிலத்துக்குக் கீழே எரிவாயுக் குழாயும் மின்கம்பியும் ஓடுகின்றன. அலவாங்கின் ஒரு குத்து குழாயில் விழுந்தால் வீடு மட்டுமல்ல, உயிரும் போகலாம். 'ஒன்ராறியோ வன் கோல்' அமைப்பை 1-800-400-2255 என்ற இலக்கத்தில், குறைந்தது ஐந்து வேலை நாட்களுக்கு முன்பே அழையுங்கள். கட்டணம் இல்லை. 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கிண்டுகிற எல்லோரும் இதைச் செய்தாக வேண்டும். குழாய், கம்பி போகும் தடங்களை நிலத்தில் நிறத்தால் குறித்துவிடுவார்கள். மஞ்சள் எரிவாயு, சிவப்பு மின்சாரம், நீலம் தண்ணீர். வீட்டிலிருந்து கராஜுக்கு இழுத்த சொந்தக் கம்பியை அவர்கள் குறிப்பதில்லை. அதை நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மரம் இன்னும் நிற்கிறதென்றால் அவசரப்பட வேண்டாம். நிலத்திலிருந்து 1.4 மீற்றர் உயரத்தில் அளந்து, குறுக்களவு 30 சென்ரிமீற்றரோ கூடவோ இருந்தால் ரொறன்ரோவில் நகரசபை அனுமதி வேண்டும். எல்லைக் கோட்டில் நிற்கும் மரம் பக்கத்து வீட்டுக்காரருக்கும் சொந்தம். தறிக்க அனுமதி கிடைத்தால், தறிப்பவரிடம் மூன்று நாலடி உயரம் விட்டுத் தறிக்கச் சொல்லுங்கள். பிறகு அந்தத் தண்டுதான் உங்கள் நெம்புகோல்.

ஆயுதங்களுக்கு வருவோம். நமது அலவாங்கு இங்கே 'டிகிங் பார்' என்ற பெயரில் கிடைக்கிறது. ஆளுயரமும் நல்ல பாரமும் உள்ளதாக வாங்குங்கள். அடுத்தது 'மற்றொக்': ஒரு பக்கம் மண்வெட்டி போல அகன்றும் மறுபக்கம் கோடாலி போலக் கூராகவும் இருக்கும். ஒரே ஒரு ஆயுதம்தான் வாங்க முடியுமென்றால் இதை வாங்குங்கள். கூர்முனைச் சவளும் கிளை வெட்டும் கைவாளும் வேண்டும். இரும்பு மூக்குச் சப்பாத்து, தொழிற்சாலைக்குப் போகிறவர்கள் வீட்டில் ஏற்கனவே இருக்கும்.

பனி உருகி நிலம் ஈரமாக இருக்கும் வசந்தகாலம் நல்லது. கட்டையிலிருந்து இரண்டடி தள்ளிச் சுற்றிவரக் கிடங்கு கிண்டுங்கள். பெரும்பாலான வேர்கள் மேல் இரண்டடி மண்ணுக்குள்தான் பக்கவாட்டில் ஓடும். வேர் தெரிந்ததும் வெட்டத் தொடங்காதீர்கள். தண்ணீர்க் குழாயால் பீய்ச்சி மண்ணைக் கழுவுங்கள். மண்ணிலுள்ள மணலும் கல்லும் வாளின் பல்லை ஒரு மணித்தியாலத்தில் மழுக்கிவிடும். மெல்லிய வேருக்கு வாள், தடித்ததற்கு மற்றொக். ஒவ்வொன்றையும் இரண்டு இடத்தில் வெட்டி நடுத்துண்டை எடுத்துவிட்டால், அடுத்த வேரை வெட்ட இடம் கிடைக்கும். ஒருவர் ஓங்கும்போது மற்றவர் விலகி நிற்கவேண்டும், பிள்ளைகளை வீட்டுக்குள் அனுப்பிவிடுங்கள்.

பக்க வேர்கள் போனபின் தண்டைப் பிடித்து நாலு பக்கமும் ஆட்டுங்கள். எந்தப் பக்கம் அசைய மறுக்கிறதோ அந்தப் பக்கத்தில் இன்னும் ஒரு வேர் பிடித்துக்கொண்டிருக்கிறது. அடியில் நேராக இறங்கும் வேரைக் கடைசியாக, கட்டையைச் சரித்து வைத்துக்கொண்டு வெட்டலாம். அலவாங்கை அடியில் கொடுத்து நெம்பும்போது உடம்புப் பாரத்தால் அழுத்துங்கள், இடுப்பால் தூக்க வேண்டாம்.

ஊரில் செய்ததுபோல நெருப்பு வைத்து எரிக்கலாமே என்று நினைக்க வேண்டாம், ரொறன்ரோவில் வளவுக்குள் நெருப்பு மூட்டத் தடை. ஆஷ் விறகை வேறு ஊருக்கு ஏற்றிக்கொண்டும் போகாதீர்கள், வண்டு அதோடுதான் பயணம் செய்கிறது.

குழியை நல்ல மண்ணால் சற்று மேடாக நிரப்புங்கள், மழைக்குப் பிறகு தாழும். மே மாத முடிவில் அதில் மிளகாய், தக்காளி நடலாம். எடுத்தது கறுப்பு வால்நட் மரமென்றால் மட்டும் அங்கே தக்காளி வேண்டாம். மண்ணில் தங்கிய வேர்த்துண்டுகளின் நஞ்சு கன்றை வாட்டிவிடும். சில வருடங்களுக்குப் புல்லை விதைத்துவிடுங்கள்.