ஓட்டுநரின் கைபேசியும் சங்கத்தின் பொறுப்பும்

வண்டி ஓட்டுகையில் கைபேசியில் பேசலாகாது என்று சொல்லாதவர் இன்று எவரும் இலர். பள்ளிச் சிறுவனும் சொல்வான். பெட்ரோல் நிலையத்துச் சுவரும் சொல்கிறது. சொன்ன மாத்திரத்தில் காரியம் முடிந்திருக்குமாயின் இக்கட்டுரைக்கு அவசியம் நேர்ந்திராது. இந்த அறிவுரைகளில் ஒரு குறை இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. அவை யாவும் வண்டி ஓட்டுபவரை நோக்கியே கூறப்படுகின்றன. ஓர் அழைப்புக்கோ இரண்டு முனைகள் உண்டு. ஒரு முனையில் இருப்பவர் சாலையில் இருக்கிறார். மறுமுனையில் இருப்பவர் நாற்காலியில் இருக்கிறார். நாற்காலியில் இருப்பவரைப் பற்றி எவரும் பேசுவதில்லை. நம் சங்கங்களைப் பொறுத்தவரை அந்த நாற்காலி பெரும்பாலும் சங்க அலுவலகத்து நாற்காலியே ஆகும்.

நம் அங்கத்தினர்கள் சாலையில் கழிக்கும் நேரம் கொஞ்சநஞ்சமன்று. நெசவாளர் பாவும் ஊடையும் வாங்கச் சங்கத்துக்கு வருகிறார். நெய்து முடித்த உருப்படியை மடித்துப் பையில் வைத்து மொபெட்டில் மீண்டும் வருகிறார். மஞ்சள் ஈரோட்டுக்கும், பருத்தி திருச்செங்கோட்டு ஏலத்துக்கும் மூட்டை மூட்டையாகப் போகின்றன. பால் வண்டி விடியுமுன்னரே ஊர் ஊராகச் சுற்றுகிறது. இவர்கள் ஒவ்வொருவரையும் பாதி வழியில் கூப்பிடுவதற்கு ஒருவர் இருக்கிறார். "எங்கே வந்துகொண்டிருக்கிறீர்?" என்பதே பெரும்பாலும் அவர் கேட்கும் கேள்வி. அதற்கு எந்த விடை கிடைத்தாலும் வண்டி ஒரு நிமிடம் முன்னதாக வந்து சேரப் போவதில்லை.

சென்ற ஆண்டு ஒரு சங்கத்தில் ஆய்வுக்காக அமர்ந்திருந்தபோது கண்டதைச் சொல்கிறேன். நூல் ஏற்றி வரவேண்டிய வண்டி தாமதமாயிற்று. வாசலில் நெசவாளர்கள் காத்திருந்தனர். காரியதரிசி அரை மணி நேரத்தில் ஏழு முறை ஓட்டுநரை அழைத்தார். ஆறு முறை அவர் எடுத்துப் பேசினார். வண்டி வந்து நின்றதும் அவருக்குக் கிடைத்த முதல் வார்த்தை, ஏழாம் முறை ஏன் எடுக்கவில்லை என்ற கண்டனந்தான். ரயில்வே கேட்டை அடுத்த வளைவில் அப்போது திரும்பிக்கொண்டிருந்ததாக அவர் தாழ்ந்த குரலில் கூறினார். காரியதரிசி நல்லவர், கடுமையானவர் அல்லர். காத்திருந்தவர்களின் முகத்தைப் பார்த்து அவருக்கும் மனம் பதைத்திருக்கும். ஆயினும் அன்று அந்த ஓட்டுநர் கற்றுக்கொண்ட பாடம் என்ன? வளைவிலும் எடுத்துப் பேசவேண்டும் என்பதே.

இங்கேதான் விஷயத்தின் வேர் இருக்கிறது. ஓட்டுநர் அழைப்பை எடுப்பது எப்போதும் அலட்சியத்தால் அன்று. பல சமயங்களில் அச்சத்தால். அழைப்பவர் சம்பளம் கொடுப்பவர், அல்லது கடன் கொடுப்பவர், அல்லது உருப்படிக்குத் தரம் பார்ப்பவர். அவரை மணியடிக்க விட்டுக் காத்திருக்கச் செய்யும் துணிவு எளியவர்க்கு வராது. இலாகா அலுவலர்கள் காரியதரிசிகளை நினைத்த நேரத்தில் அழைக்கும் வழக்கமும் இதனைச் சேர்ந்ததே. காரியதரிசியும் மோட்டார் சைக்கிளில் ஊருக்கு ஊர் போகிறவர்தாம்.

கைபேசியை நான் பழிக்கவில்லை. 1995-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் நாள் கல்கத்தாவிலிருந்து டில்லிக்குப் பேசப்பட்ட முதல் அழைப்போடு இந்நாட்டுக்கு வந்த அக்கருவி, விளைவிப்பவனுக்குச் செய்த நன்மை பெரிது. 1997 முதல் 2001 வரை கேரளத்தின் வடபகுதிக் கடற்கரையில் கைபேசி பரவியபோது நிகழ்ந்ததைப் பொருளாதார அறிஞர் ராபர்ட் ஜென்சன் ஆராய்ந்து 2007-இல் வெளியிட்டார். மீனவர்கள் படகிலிருந்தே கரைச் சந்தைகளின் விலையை விசாரிக்கத் தொடங்கியதும், ஊருக்கு ஊர் இருந்த விலை வேற்றுமை வெகுவாகக் குறைந்தது. வாங்குவாரின்றி மத்தி மீனைக் கடலில் கொட்டும் நிலை ஏறக்குறைய மறைந்தது. மீனவர் லாபம் 8 சதவீதம் உயர்ந்தது. உண்பவருக்கும் விலை 4 சதவீதம் இறங்கியது. ஆகவே விலை விசாரிக்க வேண்டாம் என்று எந்த விவசாயியிடமும் நாம் சொல்வதற்கில்லை. விசாரிக்கும் இடம் சாலையாக இருத்தலாகாது என்பதே நம் பேச்சு.

பேசினால் என்ன, கண் சாலையில்தானே இருக்கிறது என்று கேட்பவர் பலர். தறியில் அமர்ந்தவர்க்கு இதை விளக்க வேண்டுவதில்லை. காலும் கையும் தம் வேலையைச் செய்துகொண்டிருக்கும்; கண்ணும் துணியின் மேலேயே இருக்கும்; மனம் மட்டும் பேச்சில் போயிருக்கும். நாலு விரற்கடை நெய்த பிறகே இழை அறுந்திருப்பது தெரியவரும். பார்த்துக்கொண்டிருந்தும் காணாமற் போவது என்பது இதுதான். தறியில் இழையை முடிந்துகொள்ளலாம். வேண்டுமானால் பிரித்தும் நெய்யலாம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் 11 மீட்டர் கடக்கிறது. 60 கிலோமீட்டர் வேகமாயின் 16 மீட்டருக்கும் மேல். யார் அழைக்கிறார் என்று திரையைப் பார்க்க இரண்டு விநாடி போதும். அதற்குள் ஒரு சிறு தெருவின் நீளம் பின்னால் போய்விடும். அத்தெருவில் ஓர் ஆடு இருக்கலாம், ஒரு குழந்தையும் இருக்கலாம்.

நம் பாட்டனார் காலத்தில் சந்தையிலிருந்து திரும்பும் வண்டிக்காரர் வைக்கோல்மேல் சாய்ந்து உறங்கிவிடுவது உண்டு. மாடுகளுக்கு வழி தெரியும். எதிரே வண்டி வந்தால் அவை தாமே ஒதுங்கும். அந்தக் காலத்துச் சாவதானம் நம் உடம்பில் இன்னும் மிச்சம் இருக்கிறதோ என்று சில சமயம் எண்ணுகிறேன். மோட்டாருக்கு எண்ணெய் இருக்கிறது, கண் இல்லை.

காதில் கருவியை மாட்டிக்கொண்டு இரு கைகளையும் விடுவித்துவிட்டால் ஆபத்து நீங்கிவிடும் என்ற எண்ணம் படித்தவர்களிடமே அதிகம் காணப்படுகிறது. இது சரியன்று. கனடாவின் டொரொண்டோ நகரில், கைபேசி வைத்திருந்து விபத்துக்குள்ளான 699 ஓட்டுநர்களின் அழைப்புக் கணக்குகளை ரெடல்மையர், திப்ஷிரானி ஆகிய இருவர் பரிசோதித்து 1997-இல் எழுதினர். பேசும் நேரத்தில் விபத்து நேரும் வாய்ப்பு நான்கு மடங்குக்கும் மேல் என்று கண்டனர். 2005-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், விபத்தில் அடிபட்டு மருத்துவமனைக்கு வந்த 456 ஓட்டுநர்களை ஆராய்ந்தவர்களும் அதே நான்கு மடங்கைத்தான் கண்டனர். கையில் பிடித்துப் பேசினாலும் பிடிக்காமல் பேசினாலும் பாதுகாப்பில் வேற்றுமை இல்லை என்பது இரு ஆராய்ச்சிகளின் முடிவுமாகும்.

அப்படியாயின் பின்னால் அமர்ந்திருப்பவரோடு பேசுவதும் ஆபத்துதானே என்று ஓர் அங்கத்தினர் என்னை வினவினார். நல்ல கேள்வி. பின்னால் இருப்பவர் சாலையைப் பார்க்கிறார். லாரி எதிர்ப்பட்டால் அவர் பேச்சு தானாக நிற்கும்; "பார்த்து, பார்த்து" என்பார். தொலைவிலிருந்து பேசுபவருக்கு லாரி தெரியாது. அவர் மூட்டை எடையைக் கேட்டுக்கொண்டே இருப்பார்.

இருசக்கர வண்டியில் இன்னும் சில விபரீதங்கள் உண்டு. கருவியைத் தோளுக்கும் காதுக்கும் இடையே இடுக்கிக் கழுத்தை ஒருபுறம் சாய்த்துச் செல்வோரையும், தலைக்கவசத்துக்குள் செருகிக்கொண்டு செல்வோரையும் எந்தச் சாலையிலும் காணலாம். தலைக்கவசம் அணிந்த விவேகமும் அதற்குள்ளேயே கைபேசியைச் செருகிய அவிவேகமும் ஒரே தலையில் குடியிருப்பது வியப்பே. 2022-ஆம் ஆண்டில் நாட்டில் சாலை விபத்துகளில் மாண்டவர் 1,68,491 பேர். அவர்களுள் 74,897 பேர் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் அவ்வாண்டு முதலிடம் பெற்ற மாநிலம் நம்முடையதே, 64,105 விபத்துகள். கைபேசியால் நேர்ந்தவை என்று 2021-இல் பதிவானவை நாடு முழுவதிலும் 1,997 விபத்துகளும் 1,040 மரணங்களுமே. இச்சிறு எண்ணைக் கண்டு ஆறுதல் கொள்ள எனக்கு மனம் வரவில்லை. போலீஸார் வந்து பார்க்கும்போது வண்டி ஓரிடத்திலும் கைபேசி ஓரிடத்திலும் கிடக்கும். பேசிக்கொண்டிருந்தார் என்று சொல்ல வேண்டியவர் சொல்லும் நிலையில் இரார். மறுமுனையில் இருந்தவர் சொல்லமாட்டார்.

சட்டம் தன் பங்கைச் செய்தே இருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவு, 2019-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, கையில் பிடித்துப் பேசும் கருவியை வண்டி ஓட்டுகையில் பயன்படுத்துவதை ஆபத்தான ஓட்டுதலுள் சேர்த்திருக்கிறது. முதல் முறை 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். மூன்றாண்டுக்குள் மீண்டும் செய்தால் 10,000 ரூபாய் அபராதமும் ஈராண்டு வரை சிறையும் நேரலாம். வழி பார்க்க மட்டும் கருவியைப் பயன்படுத்தலாம் என்று 2020 அக்டோபர் முதல் விதி இடந்தந்துள்ளது. அதுவும் கவனம் சிதறாத வகையில். ஆனால் அழைத்தவரைச் சட்டம் தொடாது. தொடவும் இயலாது. அந்த இடத்தை நிரப்ப வேண்டியது நம் சொந்த ஏற்பாடுகளே.

இவ்விஷயத்தில் சங்கத்துக்கு என்ன அக்கறை என்று கேட்போருக்குக் கடன் பேரேட்டைக் காட்டுவேன். அங்கத்தினர் ஒருவர் சாலையில் மாண்டால் பேரேட்டில் எழுதப்படுவது தவணை தவறிய பாக்கி என்பதுதான். ஜாமீன் நின்ற பக்கத்து வீட்டுக்காரருக்கு நோட்டீஸ் போகிறது. மொபெட்டிலிருந்து தானே தவறி விழுந்தவர் குடும்பத்துக்கு மூன்றாம் நபர் காப்புறுதியில் ஒன்றும் கிடைப்பதற்கில்லை. வண்டிச் சொந்தக்காரர் தாமே ஓட்டி இறந்தால் 15 லட்ச ரூபாய் கிடைக்கும்படியான விபத்துக் காப்பு 2018-இல் ஏற்பட்டது. ஆனால் உரிமமும் காப்புறுதியும் காலாவதியாகாமல் இருந்தாலன்றோ அது உதவும்? புதுப்பிக்காத காப்புறுதிச் சீட்டுகளை மொபெட்டின் பெட்டிக்குள் மடித்து வைத்திருப்போர் நம்மிடையே எத்தனை பேர் என்பதை அங்கத்தினர்களே அறிவர். வீட்டில் பாதி நெய்த பாவு தறியிலேயே கிடக்கும்.

செய்யவேண்டியது கடினமானதன்று. நிர்வாக சபை ஒரு தீர்மானம் செய்யட்டும்: வண்டியில் இருப்பவரைச் சங்கத்திலிருந்து எவரும் அழைப்பதில்லை. வண்டி புறப்படும்போது ஓட்டுநர் ஒருமுறை தெரிவிப்பார். நிறுத்துமிடத்தில் நின்றபோது ஒருமுறை தெரிவிப்பார். இடையில் ஒன்றும் இல்லை. உடன் ஆள் இருந்தால் கைபேசி அவரிடம் இருக்கட்டும். தனியே மொபெட்டில் வருபவரின் கைபேசி பைக்குள் இருக்கட்டும். தெரியாமல் அழைத்துவிட்டால், முதற்கேள்வி "வண்டியில் இருக்கிறீரா?" என்பதாக இருக்கவேண்டும், ஆம் என்ற விடைக்குப் பின் ஒரு சொல்லும் பேசாமல் வைத்துவிட வேண்டும். அவசரச் செய்தியாயின் எழுதி அனுப்பலாம். நின்ற இடத்தில் படித்துக்கொள்வார். எல்லாவற்றினும் முக்கியமானது, எடுக்காத அழைப்புக்காக எந்த ஓட்டுநரையும் எந்த அங்கத்தினரையும் கடிந்துகொள்வதில்லை என்று அத்தீர்மானத்திலேயே எழுதிவைப்பது. இது இல்லாமல் மற்றவை நிலைக்கமாட்டா. வீட்டிலிருந்து அழைக்கும் மனைவிமார்க்கும் பிள்ளைகளுக்கும் இதே வழக்கத்தை அங்கத்தினர்கள் தாமே சொல்லிக்கொள்ளலாம். அங்கே சங்கத்தின் அதிகாரம் செல்லாது.

வண்டி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் சுமைக்காரர்களை வாசலில் நிறுத்திவைத்தால் அவர்களுடைய அரை மணிக் கூலியை எந்தக் கணக்கில் எழுதுவது என்று ஒரு காரியதரிசி கவலையோடு கேட்டார். சில்லறைச் செலவில் எழுதலாம். வண்டி தாமதம் என்று காரணத்தையும் குறிப்பிடலாம். ஆய்வுக்கு வரும்போது அந்தப் பதிவுக்கு நான் ஆட்சேபணை எழுதமாட்டேன்.