தென்னை மரத்தில் கட்டிய பசுவை யார் அவிழ்ப்பது?

பசு மாட்டைப் பற்றி மனப்பாடம் செய்துகொண்டு போன பையனுக்கு, தேர்வில் 'தென்னை மரம்' கட்டுரை வந்த கதை உங்களுக்கும் தெரியும்தானே? "இது தென்னை மரம். இதில்தான் எங்கள் பசு மாட்டைக் கட்டுவோம். பசுவுக்கு நான்கு கால்கள்..." என்று படித்ததை எல்லாம் இறக்கிவிடுவான். தாத்தா காலத்து ஜோக். ஆனால், நம்ம ஊர் கலை, அறிவியல் கல்லூரிகளின் 'பார்ட் டூ இங்கிலீஷ்' வகுப்புக்குள் எட்டிப் பார்த்தால் அது ஜோக் இல்லை, சிலபஸ்!

பெரும்பாலும் நான்கு செமஸ்டர். கடிதம், குறிப்புகளை விரித்து எழுதுதல், ஒரு பத்தியை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கும் 'ப்ரெஸி', கடைசியில் பொதுக்கட்டுரை. 'அறிவியல் வரமா, சாபமா', 'மாசுபாடு', 'இணையத்தின் பயன்கள்' என்று நாலைந்து தலைப்புகள்தான் சுற்றிச் சுற்றி வரும். காலேஜ் வாசல் ஜெராக்ஸ் கடையில் நோட்ஸ் ரெடி. பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்துவிட்டு வரும் பிள்ளைகளுக்கு இந்தப் பேப்பர் விளையாட்டு இல்லை. மேஜர் பேப்பர் எல்லாம் முடித்துவிட்டு, இங்கிலீஷ் அரியர் ஒன்றால் டிகிரி கைக்கு வராமல் நிற்பவர் உங்கள் தெருவிலேயே யாராவது இருக்கலாம். விசாரித்துப் பாருங்கள்.

எங்களுக்கு வந்த மேடம் முதல் வாரமே நோட்ஸை மூடச் சொல்லிவிட்டார். "உங்க வீட்டுல தினமும் நடக்கிற ஒரு வேலை. அதை எப்படிச் செய்றாங்கன்னு இங்கிலீஷ்ல எழுதிட்டு வாங்க. ஒரு பக்கம் போதும்."

என் பக்கத்து சீட் தோழிக்கு தென்காசிப் பக்கம் ஒரு கிராமம். அம்மா பீடி சுற்றுபவர். 'பீடி சுற்றுதல் ஒரு புகழ்பெற்ற குடிசைத் தொழில்' என்று ஆரம்பித்து எட்டு வரி எழுதிக் கொடுத்தாள். இலக்கணம் எல்லாம் சரிதான். மேடம் மார்க் போடவில்லை. பேப்பரின் பின்பக்கம் கேள்விகளாக எழுதித் திருப்பிக் கொடுத்தார். இலையை எதுக்கு நனைக்கணும்? எதை வெச்சு வெட்டுவாங்க? சரியில்லாத பீடியை என்ன செய்வாங்க? அம்மா எங்கே உட்காருவாங்க? (மேடத்தின் கையெழுத்தைப் படிக்கவே தனியாக ஒரு வகுப்பு வேண்டும், அது வேறு கதை.)

இரண்டாவது முறை அவள் எழுதியது இரண்டரைப் பக்கம். ஊறிய இலையைத் தகடு வைத்து அளவாகக் கத்தரிப்பது, தூளை வைத்து உருட்டுவது, முனையை மடக்கி நூல் சுற்றுவது, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி, கடையில் அவர்கள் கழித்துப் போடும் பீடிகள், அன்றைக்கு வீட்டில் அம்மாவின் முகம் என எல்லாம் இருந்தது. மூன்றாவது முறை எழுதியபோது நடுவில் இரண்டு வரிகள் புதிதாக வந்திருந்தன. 'அம்மா மடியில் எப்போதும் தட்டு இருக்கும். அதனால் எங்களுக்கு மடி கிடைக்கவில்லை.' அவ்வளவும் சின்னச் சின்ன இங்கிலீஷ் வார்த்தைகள். ஓர் இடத்தில் 'தி' விட்டுப்போயிருந்தது. அவள் வகுப்பில் வாசித்தபோது அந்த 'தி'யை யாரும் தேடவில்லை.

இந்த 'தி' விஷயத்தைக் கொஞ்சம் பேசணும். தமிழில் அப்படி ஒரு சொல்லே கிடையாது. அதனால் நம் பிள்ளைகள் ஒன்று, அதை அடியோடு விட்டுவிடுவார்கள். இல்லையென்றால் உப்பு மாதிரி எல்லா இடத்திலும் தூவுவார்கள். 'ரிப்போர்ட்டட் ஸ்பீச்' பாடும் இதுதான். தமிழில் 'வருவேன் என்றான்' என்று அவன் சொன்னதை அப்படியே வைத்து 'என்று' போட்டால் முடிந்தது. இங்கிலீஷில் காலத்தையே மாற்ற வேண்டும். இதைத் தப்பு என்று சிவப்பு மையில் சுழிப்பதைவிட, எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது நல்லது இல்லையா?

அப்படிப் பார்த்த ஒருவர் மினா ஷாக்னெஸி. நியூயார்க்கின் சிட்டி காலேஜில் எழுத்துப் பயிற்சி நடத்தியவர். அந்த நகரப் பல்கலைக்கழகம் 1970-ல், ஊரில் பள்ளிப் படிப்பு முடித்த எல்லோருக்கும் கதவைத் திறந்தது. கல்லூரியையே பார்க்காத குடும்பங்களில் இருந்து நிறைய பேர் வந்தார்கள். 'இவர்களுக்கு எழுதவே வராது' என்று பலரும் கைவிரித்த நேரத்தில், ஷாக்னெஸி சுமார் 4,000 மாணவர் கட்டுரைகளை எடுத்து உட்கார்ந்து படித்தார். ஒவ்வொரு பிழைக்குப் பின்னாலும் ஒரு கணக்கு இருக்கிறது என்று 1977-ல் 'எரர்ஸ் அண்ட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' என்ற புத்தகத்தில் எழுதினார். எங்கள் மேடமும் ஒரு பேப்பரில் மூன்று இடத்துக்கு மேல் கோடு போட மாட்டார். காரணம் கேட்டால் சிரிப்பார்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்த இங்கிலீஷ் வகுப்பு எனக்கு அதிகம் உதவுவது தமிழில் எழுதும்போதுதான். நம் மொழியில் 'சொல்லியாச்சு', 'முடிஞ்சாச்சு' என்று ஆளே இல்லாமல் வாக்கியம் முடிந்துவிடும். இங்கிலீஷில் வரிக்கு வரி 'யார்?' என்று ஆளைப் பிடித்து முன்னால் நிறுத்த வேண்டும். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. 'விரைவில் நடவடிக்கை எடுக்கப்படும் எனத் தெரிவிக்கப்பட்டது' என்று ஒரு செய்திக்குறிப்பு டெஸ்க்குக்கு வந்தால், போனை எடுத்துவிடுவேன். யார் எடுப்பார்? எந்தத் தேதிக்குள்? பாதி நேரம் மறுமுனையில் பதில் இருக்காது. அப்போது அந்த வரியும் செய்தியில் இருக்காது.

இப்போது முதலாண்டு படிக்கும் என் சித்தி பையன், கட்டுரை கொடுத்தால் போனிடம் கேட்கிறான். 2022 கடைசியில் வந்த சாட்ஜிபிடி, 'மாசுபாடு' பற்றி அரை நிமிடத்தில் பிழையே இல்லாமல் இரண்டு பக்கம் தருகிறது. ஜெராக்ஸ் கடை நோட்ஸைவிட பளபளப்பான பசு! அவனைத் திட்டவும் மனசு வரவில்லை, பாஸாக வேண்டுமே. ஆனால், சித்தி இட்லி மாவு அரைத்து விற்கிறார். கிரைண்டர் நின்றுபோன நாளில் வீடு என்ன ஆகும் என்று அவனைத் தவிர யாராலும் எழுத முடியாது. கேட்டிருக்கிறேன், இன்னும் தரவில்லை.

தோழிக்கு செமஸ்டரில் வந்த கேள்வி என்னமோ 'மாசுபாடு'தான். தொழிற்சாலைப் புகையை நாலு வரியில் முடித்துவிட்டு, ஒற்றை அறை வீட்டில் பறக்கும் புகையிலைத் தூளைப் பற்றி மீதிப் பக்கத்தை நிரப்பிவிட்டு வந்தாள். 75-க்கு 44. பாஸ்.