நடுவரின் கண்டிப்பும் அன்பே!

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்பது நம் முன்னோர் வாக்கு. இது கால்பந்துத் திடலுக்கும் பொருந்தும். பள்ளி ஆட்டங்களில் நடுவரை எதிர்த்துப் பேசும் மாணவியரைச் சில நடுவர்கள், "சிறு பிள்ளைகள்தானே" என்று விட்டுவிடுகின்றனர். அது அன்பு அன்று என்பதே என் கருத்து.

மஞ்சள், சிவப்பு அட்டைகளை உலகிற்குத் தந்தவர் ஒரு பள்ளி ஆசிரியர் என்பதை அறிவீர்களா, தோழியரே? அவர் இங்கிலாந்து நாட்டு நடுவர் கென் ஆஸ்டன். 1966ஆம் ஆண்டு உலகக் கோப்பையில் இங்கிலாந்துடன் ஆடிய அர்ஜென்டினா அணித்தலைவர் ரத்தீனை, ஜெர்மானிய நடுவர் வெளியேற்றினார். ஒருவர் மொழி மற்றவருக்குப் புரியவில்லை. ரத்தீன் வெளியேற மறுக்க, ஆட்டம் பல நிமிடங்கள் தடைப்பட்டது. பின்னர், சாலையில் போக்குவரத்து விளக்கைக் கண்ட ஆஸ்டனுக்கு, எல்லோருக்கும் புரியும் வண்ண அட்டைகள் என்ற எண்ணம் உதித்தது. 1970ஆம் ஆண்டு மெக்சிகோவில் அவை நடைமுறைக்கு வந்தன.

சென்ற ஆண்டு பள்ளிகளுக்கிடையே நடந்த ஓர் ஆட்டத்தில், ஒரு மாணவி நடுவரைப் பார்த்து, "உங்களுக்குக் கண் தெரியாதா?" என்று கத்தினாள். நடுவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அதைக் கண்டு மற்றவர்களும் கத்தத் தொடங்கினர். பிறகு தள்ளுமுள்ளு. இறுதியில் எதிரணி மாணவி ஒருத்தி கீழே விழுந்து முழங்காலில் காயமுற்றாள். முதலில் கத்திய மாணவி வேறு யாருமல்லள், நானேதான். அன்றே எனக்கு மஞ்சள் அட்டை காட்டியிருந்தால், அவள் நொண்டியபடி வீடு திரும்பியிருக்க மாட்டாள்.

"ஒரு சொல்லுக்காகச் சிவப்பு அட்டையா? அணி முழுவதும் அல்லவா துன்புறும்!" எனச் சிலர் கேட்கலாம். நியாயமே. ஆனால் இடைப்பட்ட வழி ஒன்று உண்டு. இளையோர் ஆட்டங்களில் தற்காலிக வெளியேற்றத்திற்குக் கால்பந்து விதிகள் இடமளிக்கின்றன. இங்கிலாந்தில் 2019ஆம் ஆண்டு முதல் உள்ளூர் ஆட்டங்களில், நடுவரிடம் வாதாடுபவர் 90 நிமிட ஆட்டத்தில் 10 நிமிடங்கள் வெளியே நிற்க வேண்டும். கோபம் தணிந்தபின் மீண்டும் ஆடலாம். தண்டனையும் உண்டு, திருந்த வாய்ப்பும் உண்டு. நம் பள்ளி ஆட்டங்களுக்கும் இம்முறையே ஏற்றது.

நடுவரும் திடலில் நமக்கு ஓர் ஆசிரியரே. முதல் தவறிலேயே, இரு அணிக்கும் பொதுவாக, அவர் கண்டிக்கட்டும். நாமும் தலைவணங்கி ஏற்போம். கோப்பையை இழந்தாலும் பண்பை இழவோம்!

— பத்தாம் வகுப்பு மாணவி