களைப்பு என்று எதைச் சொல்கிறோம்?

அறுபதைக் கடந்த ஒருவர் அதிகாலையில் ஓடுவதைக் கண்டால் எம்மவர்கள் இரண்டு விதமான அறிவுரைகளை வழங்குவார்கள். "இந்த வயதில் எதற்கு இந்த வேலை, பேசாமல் நடக்கலாம்தானே" என்பது முதலாவது. இது உறவினர்களிடமிருந்தும் அயலவர்களிடமிருந்தும் வரும். "களைப்பைப் பார்க்கக் கூடாது, அதைத் தாண்டி ஓடினால்தான் உடம்பு தேறும்" என்பது இரண்டாவது. இது கூட ஓடும் இளைஞர்களிடமிருந்தும், அண்மைக் காலமாக மணிக்கட்டில் கட்டியிருக்கும் கடிகாரத்திலிருந்தும் வருகிறது. எனக்கு வயது 67. ஐம்பதுக்குப் பின்னரே ஓடத் தொடங்கியவன். வெள்ளவத்தை மரைன் டிரைவில் இந்த இரண்டு அறிவுரைகளையும் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். இரண்டுமே களைப்பு என்றால் ஒன்றுதான் என்று எண்ணிக்கொள்கின்றன. எனது ஆட்சேபம் அதுதான்.

தமிழில் இதற்கு எத்தனை சொற்கள் இருக்கின்றன என்று பாருங்கள். களைப்பு, இளைப்பு, அலுப்பு, அயர்வு, சோர்வு. வயல் வேலை செய்து திரும்பியவர் "உடம்பு அலுப்பாயிருக்கு" என்பார். படியேறி மூச்சு வாங்குபவர் "இளைக்குது" என்பார். காய்ச்சல் விட்ட பின்னர் எழ மனமில்லாமல் கிடப்பவருக்குச் சோர்வு. எமது பாட்டிமார் இவற்றை ஒன்றுடன் ஒன்று குழப்பியதில்லை. நாம்தான் எல்லாவற்றையும் "ரயேர்ட்" என்ற ஒரே சொல்லுக்குள் போட்டு மூடிவிட்டோம்.

முதலில் கால் அலுப்பை எடுத்துக்கொள்வோம். நீண்ட தூர ஓட்டத்துக்குத் தயாராகும் எவரும் இதனுடன் வாழ்ந்தே ஆக வேண்டும். 1960 ரோம் ஒலிம்பிக்கில் நியூசிலாந்தின் பீற்றர் ஸ்னெல் 800 மீற்றரிலும் மரே ஹால்பேர்க் 5,000 மீற்றரிலும் தங்கம் வென்றார்கள். அவர்களைப் பயிற்றுவித்த ஆர்தர் லிடியார்ட், 800 மீற்றர் ஓடுபவரைக்கூட வாரத்துக்கு 160 கிலோமீற்றர் வரையில் ஓடவைத்தவர். முழுமையாக ஆறாத கால்களுடன் மறுநாளும் ஓடும்போதுதான் உடல் நீடித்து உழைக்கக் கற்றுக்கொள்கிறது என்பது இத்தகைய பயிற்சியின் அடிப்படை. அதில் உண்மை இருக்கிறது. ஞாயிறு நீண்ட ஓட்டம் ஓடியவனுக்குச் செவ்வாய்க்கிழமை கால்கள் மரக்கட்டைபோல் இருப்பது நோயல்ல. அந்த அலுப்புக்குப் பயந்து படுத்துக்கொள்பவர் எந்த வயதிலும் முன்னேற மாட்டார்.

ஆனால் வயது ஒரு கணக்கை மாற்றிவிடுகிறது. அது ஓடும் கணக்கல்ல, ஆறும் கணக்கு. வயது ஏற ஏறத் தசையைப் பழுதுபார்க்கும் கலங்கள் குறைகின்றன. உண்ட புரதத்தைத் தசையாக்கும் திறனும் மந்தமாகிறது. ஆழ்ந்த உறக்கம் சுருங்குகிறது. முப்பது வயதில் ஒரு நாளில் தீர்ந்த அலுப்பு இப்போது மூன்று நாள் தங்குகிறது. எனவே இளைஞருக்கு எழுதப்பட்ட பயிற்சி அட்டவணையை எடுத்து, வேகத்தை மட்டும் குறைத்து முதியவரிடம் கொடுப்பது பயனற்றது. தூரத்தைக் குறைக்காவிட்டாலும் பரவாயில்லை, இடைவெளியைக் கூட்ட வேண்டும். நான் வாரத்தில் நான்கு நாள் ஓடுகிறேன். அவற்றில் ஒன்று மட்டுமே கடினமான ஓட்டம்.

கனடாவின் எட் விற்லொக் 2004ஆம் ஆண்டு தமது 73ஆவது வயதில் றொறன்ரோ மரதனை 2 மணி 54 நிமிடம் 48 விநாடிகளில் ஓடி முடித்தார். இளைஞர் பலருக்கே எட்டாத நேரம் இது. அவர் வீட்டுக்கு அருகிலிருந்த மயானத்தைச் சுற்றிச் சுற்றி, சில நாட்களில் மூன்று மணி நேரம், மிக மெதுவாக ஓடிப் பயின்றவர். அவருடைய மூன்று மணி நேரத்தை வியப்பவர்கள், காயங்கள் வந்தபோது அவர் மாதக் கணக்கில் ஓடாமல் காத்திருந்ததைப் பேசுவதில்லை. எனக்கு அந்தக் காத்திருப்பே பெரிதாகப் படுகிறது.

கடிகாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இத்தகைய கருவிகள் பலவற்றில், இதயம் துடிக்கக்கூடிய உச்ச வேகத்தை 220இலிருந்து வயதைக் கழித்துக் கணக்கிடும் பழைய வழக்கம் இன்னமும் இருக்கிறது. அதன்படி எனது உச்சம் 153. 2001இல் வெளியான ஆய்வொன்றின் சூத்திரப்படி, 208இலிருந்து வயதின் பத்தில் ஏழு பங்கைக் கழித்தால் 161 வருகிறது. எட்டுத் துடிப்பு வித்தியாசம். இரண்டுமே பலருடைய சராசரிதான், எந்தத் தனி மனிதருக்கும் அளந்து தைத்த சட்டையல்ல. போதாததற்குக் கொழும்பின் காற்றில் ஈரப்பதன் மிகுந்த காலைகளில் வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடும். உடலைக் குளிரவைக்க இதயம் கூடுதலாக உழைக்கும். அதே பாதை, அதே வேகம், ஆனால் களைப்பு இரட்டிப்பு. வயதானவர்களுக்குத் தாகம் தாமதமாகவே தெரியும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதை எல்லாம் அறியாத கருவி "இன்று நீங்கள் பின்தங்கிவிட்டீர்கள்" என்று அறிவிக்கும்போது எனக்குக் கோபம் வருவதில்லை. நேரில் வராமலே செய்தி எழுதிய நிருபரின் நினைவுதான் வருகிறது.

நான் நம்புவது ஒரு சிறிய கொப்பியை. காலையில் கட்டிலைவிட்டு எழுமுன் நாடித்துடிப்பை எண்ணி அதில் எழுதிவைப்பேன். வழக்கமாக 58 அல்லது 60. அது 67, 68 என்று ஏறியிருந்தால் அன்று ஓட்டமில்லை. சாதாரணமாக இருந்து கால்கள் மட்டும் கனத்தால் வெளியே போய்ப் பத்து நிமிடம் மெதுவாக ஓடிப் பார்ப்பேன். கால் அலுப்பு பெரும்பாலும் அந்தப் பத்து நிமிடத்தில் இளகிவிடும். இளகாவிட்டால் அங்கிருந்தே திரும்பி வீடு வந்து தேநீர் குடிப்பேன். டெங்குக் காய்ச்சலுக்குப் பின்னர் வரும் சோர்வு வாரக் கணக்கில் நீடிக்கும். அதனோடு பந்தயம் கட்டுவதில் அர்த்தமில்லை. காய்ச்சலுடன் ஓடுவது இதயத் தசைக்கே ஆபத்தாகலாம்.

இவற்றைவிட அஞ்ச வேண்டிய களைப்பு ஒன்று இருக்கிறது. இதைச் சொல்லவே இவ்வளவும் எழுதினேன். ஓட்டத்தை அமெரிக்காவில் வெகுசனப் பழக்கமாக்கியவர்களுள் ஒருவரான ஜிம் பிக்ஸ், 1977இல் வெளிவந்த தமது ஓட்டம் பற்றிய நூலால் புகழ்பெற்றவர். 1984இல் ஓடப் போன இடத்தில் 52ஆவது வயதில் இறந்தார். பிரேத பரிசோதனையில் இதய நாடிகள் கடுமையாக அடைபட்டிருந்தமை தெரியவந்தது. அவருடைய தந்தையாரும் 43 வயதில் மாரடைப்பால் இறந்தவர். ஓட்டம் அவரைக் கொன்றது என்று அன்று பலர் எழுதினார்கள். அது நியாயமற்ற முடிவு. அதற்காக, ஓடுகிறவனுக்கு இதய நோய் வராது என்ற எண்ணமும் நியாயமானதல்ல.

தெற்காசியர்களான எமக்கு இதய நோய் இளமையிலேயே வருவது வைத்தியர்கள் நன்கறிந்த விடயம். நீரிழிவும் எம்மவர் வீடுகளில் நிரந்தர விருந்தாளி. நீண்ட கால நீரிழிவு நரம்புகளைப் பாதிப்பதால், இதயத்துக்கு இரத்தம் போதாதபோதும் நெஞ்சு வலிக்காமல் போகலாம். அத்தகையவருக்கு முன்னறிவிப்பாக வருவது காரணமில்லாத ஒரு களைப்பு மட்டுமே. அதைத் தாண்டி ஓடச் சொல்வது கொலைபாதக அறிவுரை.

எங்களுடன் ஓடிய நண்பர் ஒருவருக்கு அப்போது 58 வயது, நீரிழிவும் உண்டு. மூன்று வாரமாக வழக்கமான தூரத்தின் பாதியிலேயே ஓய்ந்துவிடுகிறது, வயதுதான் காரணம் என்று சிரித்துக்கொண்டே சொல்லி வந்தார். வீட்டு மாடிப்படியின் நடுவில் அவர் ஒருமுறை நின்று மூச்செடுத்ததை மனைவி கண்டிருக்கிறார். அடுத்த நாள் அடம்பிடித்து வைத்தியரிடம் அழைத்துப் போனார். படுக்கவைத்து எடுத்த இ.சி.ஜி. சாதாரணமாகவே இருந்தது. அந்த வைத்தியர் அத்துடன் விட்டுவிடாமல், ஓடுபொறியில் நடக்கவிட்டு மீண்டும் சோதித்தார். சில நிமிடங்களிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. மூன்று நாடிகளில் அடைப்பு. சத்திரசிகிச்சை நடந்தது.

ஓய்விலிருக்கும்போது எடுக்கும் இ.சி.ஜி. சரியாக இருப்பதால் மட்டும் இதயம் நலமென்று கொள்ள முடியாது. ஐம்பதுக்கு மேல் ஓட்டத்தைத் தொடங்குவோர், குறிப்பாக நீரிழிவோ உயர் இரத்த அழுத்தமோ குடும்பத்தில் இதய நோயோ உள்ளவர்கள், சப்பாத்து வாங்கும் பணத்தில் ஒரு பங்கை முதலில் வைத்திய ஆலோசனைக்குச் செலவிடலாம்.

நண்பர் இப்போது நடக்கிறார், நாளுக்கு ஐந்து கிலோமீற்றர். எப்போது மறுபடி ஓடலாம் என்று ஒவ்வொரு தடவையும் வைத்தியரைக் கேட்டு நச்சரிக்கிறாராம். மனைவிதான் இன்னும் அனுமதிக்கவில்லை.