கெடுத்துப் பார்க்க ஒரு கணிப்பொறி

"டீச்சர், இது கெட்டுப்போனால் அப்பா பணம் கட்ட வேண்டி வருமா?"

கணிப்பொறி அறைக்குள் முதன்முதலாகக் காலடி வைத்த பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம் கேட்ட முதற் கேள்வி இது. மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருத்தியும் சிரிக்கவில்லை. எல்லாருடைய மனத்திலும் அதே கேள்விதான் இருந்தது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. கடலுக்குப் போகும் வீட்டுப் பிள்ளைக்கு, ஒரு பொருள் கெட்டால் என்ன ஆகும் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வலை கிழிந்தாலும் வள்ளத்து இயந்திரம் பழுதானாலும் அந்த வாரம் அடுப்பில் உலை ஏறுவதே பாடாகிவிடும் என்பதைப் பார்த்தே வளர்ந்தவள் அவள். ஆகையால் விசைப்பலகையை ஒற்றை விரலால், சுடுகின்ற பாத்திரத்தைத் தொடுவதுபோலத் தொட்டாள்.

அவளுடைய அண்ணனை எண்ணிப் பாருங்கள். பத்துப் பன்னிரண்டு வயதிலேயே கரையில் தகப்பனுடன் உட்கார்ந்து இயந்திரத்தைக் கழற்றுகிறான். திருகாணியைத் தொலைக்கிறான், திட்டு வாங்குகிறான், மறுபடியும் பூட்டுகிறான். கெடுத்துக் கெடுத்தே கற்றுக்கொள்கிறான். தங்கைக்கோ, "எதையும் தொட்டுக் கெடுத்துவிடாதே" என்பதே வீட்டிலும் வெளியிலும் கிடைக்கும் முதற் பாடம். கணிப்பொறியிலும் அவளுக்கு நாம் தட்டச்சும் படம் வரைதலும் கற்பித்து, மதிப்பெண் போட்டு அனுப்பிவிடுகிறோம். பொறியின் உள்ளே நடப்பது அவளுக்கு எட்டாத மறைபொருளாகவே நின்றுவிடுகிறது. இது சரியன்று என்பதே என் கருத்து. நம் பிள்ளைகளுக்கு மனமாரக் கெடுத்துப் பார்ப்பதற்கென்றே ஒரு கணிப்பொறி வேண்டும். செலவில்லாமல் அதனை அமைத்துக்கொள்ள வழியும் இருக்கிறது.

அந்த வழியின் பெயர் எமுலேட்டர். தமிழில் பாவனைச் செயலி எனலாம். கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஏழாம் வகுப்புப் பிள்ளை பஞ்சுத்தாடி ஒட்டிக்கொண்டு சூசையப்பராக நிற்பதில்லையா? அதுபோல, ஒரு கணிப்பொறிக்குள் ஒரு மென்பொருள் மற்றொரு செயலியின் வேடம் பூண்டு நிற்கிறது. நாடகம் பார்க்கும் நமக்காவது தாடிக்குப் பின்னால் இருப்பது யார் என்று தெரியும். பாவனைச் செயலியின்மேல் ஓடுகின்ற நிரலுக்கு அதுவும் தெரியாது. மெய்யான செயலியின்மேல் ஓடுவதாகவே அது நம்பிக்கொண்டிருக்கும்.

இது நேற்று முளைத்த விந்தையன்று. 1964-ல் ஐ.பி.எம். நிறுவனம் 360 என்னும் வரிசையை வெளியிட்டபோது, பழைய 1401 பொறிக்கு எழுதிய நிரல்கள் வீணாகாதிருக்க, புதிய பொறிகள் சிலவற்றைப் பழைய பொறியின் வேடம் போட வைத்தது. 1975-ல் நடந்ததோ இன்னும் சுவையானது. ஆல்டேர் என்னும் சிறு கணிப்பொறிக்கு மொழி எழுதித் தருவதாகப் பில் கேட்ஸும் பால் ஆலனும் சொல்லிவிட்டார்கள். ஆனால் ஆல்டேரை அவர்கள் கண்ணாலும் கண்டதில்லை! ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த பி.டி.பி.-10 என்னும் பெரும் பொறிக்குள், ஆல்டேரின் மூளையாகிய இன்டெல் 8080-ஐப் போல நடிக்கும் நிரலை ஆலன் எழுதினார். அந்தப் பாவனையின்மேல் மொழி உருவாயிற்று. காகித நாடாவை எடுத்துக்கொண்டு ஆலன் அல்புகர்க்கி நகருக்குப் பறந்தார். மெய்யான ஆல்டேரிடம் இரண்டும் இரண்டும் எத்தனை என்று கேட்க, நான்கு என்றது. மைக்ரோசாப்ட் பிறந்த கதை இதுதான். பொறி கையில் இல்லை என்பது கற்றலுக்குத் தடையன்று என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இனி நமக்கு அருகிலுள்ள சான்றுக்கு வருவோம். 8080-க்குத் தம்பியாக 1976-ல் வந்தது இன்டெல் 8085. நம் நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் நுண்செயலி பயின்றது இதில்தான். எளியது என்று இகழவேண்டா. 1997-ல் செவ்வாய்க் கோளின் தரையில் ஊர்ந்த சோஜர்னர் என்னும் சிறு வண்டியை நடத்தியதும் இந்தச் செயலியின் வகையைச் சேர்ந்த ஒன்றே. கல்லூரியில் ஒரு பலகையில் இதனைப் பொருத்தி, சிறு விசைகளால் ஒவ்வோர் எண்ணாக ஊட்டிப் படிப்பார்கள். அந்தப் பலகையைப் பள்ளிக்கு வாங்குவது எளிதன்று. வாங்கினாலும் இனயத்தின் உப்புக்காற்று அதன் கால்களில் துருவேற்ற அதிக நாள் எடுத்துக்கொள்ளாது. சன்னல் கம்பிகளே அதற்குச் சாட்சி.

லினக்ஸில் இயங்கும் முறையான 8085 பாவனை ஒன்றும் இல்லையே என்று கண்டு, 2003-ல் ஸ்ரீதர் ரத்னகுமார் என்பவர் தாமே ஒன்றை எழுதினார். அதன் பெயர் குனுசிம் 8085. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்னும் உரிமத்தோடு அதனை வெளியிட்டார். 2008-ல் கட்டற்ற மென்பொருளுக்கான இந்திய விருது பெற்ற இருபது படைப்புகளுள் அதுவும் ஒன்று. இல்லாததைக் குறைகூறிக்கொண்டு இருக்காமல் எழுதி வைத்துவிட்டுப் போனாரே, அந்த மனத்தை நம் மாணவியர் அறியவேண்டும்.

அதனை நிறுவுவது உண்மையில் ஒரே வரி வேலை. டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகளுக்கு இணையத்தில் மென்பொருட் களஞ்சியங்கள் உண்டு. ஆப்ட் என்னும் கட்டளையோடு வேண்டிய பொதியின் பெயரைச் சொன்னால், அது களஞ்சியத்திலிருந்து பொதியையும் அதற்குத் துணையானவற்றையும் எடுத்துவந்து உரிய இடங்களில் வைத்துவிடும். உபுண்டு நம் பதினோராம் வகுப்புப் பாடநூலிலேயே இடம்பெற்றதுதான். 2011 முதல் சில ஆண்டுகள் அரசு வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோசுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னையிலுள்ள சிடாக் நிலையம் டெபியனை அடிப்படையாகக்கொண்டு 2007-ல் வெளியிட்டது அது. எனக்குத் தெரிந்த வீடுகளில் பெரும்பாலோர் அந்தப் பக்கத்தை ஒருமுறைகூடத் திறந்து பார்த்ததில்லை. அந்தப் பழைய மடிக்கணினிகளுள் ஒன்றைத் தூசு தட்டி எடுத்துத்தான் நான் இதனைப் பழகினேன்.

திறந்தால் என்ன தெரியும்? 8085-இன் வயிறே தெரியும்! ஏ, பி, சி, டி, ஈ, எச், எல் என்று ஏழு சிறு பெட்டிகள். ஒவ்வொன்றிலும் எட்டு இலக்கம். ஏ-யில் ஐந்தை வை, பி-யில் ஏழை வை, ஏ-யோடு பி-யைக் கூட்டு, நில். இந்த நான்கு கட்டளைகளும் எண்களாகவே நினைவகத்தில் அமர்கின்றன. ஏ-யில் வை என்பதற்கு 00111110. அதற்கடுத்த அறையில் ஐந்துக்கு 00000101. கூட்டு என்பதற்கு 10000000. நில் என்பதற்கு 01110110. ஒவ்வோர் அடியாக நடத்தினால், கண்ணெதிரே ஏ-யில் ஐந்து இருந்த இடத்தில் 00001100 வந்து நிற்கும். அதாவது பன்னிரண்டு. கட்டளையும் எண்தான், பொருளும் எண்தான். எது கட்டளை, எது பொருள் என்பது செயலி அதனை எந்த முறையில் வந்து படிக்கிறது என்பதைப் பொறுத்ததே. இதனைக் கரும்பலகையில் பத்து நாள் சொன்னாலும் விளங்காது. "நில்" என்பதை எழுத ஒருமுறை மறந்தால் போதும், விளங்கிவிடும். செயலி அடுத்த அறையில் கிடப்பதையும் கட்டளை என்றே எண்ணித் தன்பாட்டில் போய்க்கொண்டேயிருக்கும். இதுதான் நான் சொல்லும் கெடுத்தல். கெட்டதென்ன? ஒன்றுமில்லை. அழித்துவிட்டு மீண்டும் தொடங்கலாம்.

இரண்டாம் படி கியூஎமு. பிரெஞ்சுக்காரர் ஃபாப்ரிஸ் பெல்லார் 2003-ல் வெளியிட்ட பாவனைச் செயலி இது. இதுவும் கட்டற்றதே, அதே களஞ்சியத்திலேயே கிடைப்பதே. குனுசிம் ஒரு சிறு செயலியைத் திறந்து காட்டுகிறதென்றால், கியூஎமு செயலி, நினைவகம், தட்டு, திரை எல்லாம் சேர்ந்த முழுக் கணிப்பொறியாகவே நடிக்கும். அந்நியச் செயலியின் கட்டளைகளைச் சிறுசிறு தொகுதிகளாக நம் செயலியின் கட்டளைகளுக்கு மொழிபெயர்த்து, ஒருமுறை பெயர்த்ததை எடுத்துவைத்துக்கொண்டு, மீண்டும் அதே பகுதி வரும்போது அதனையே பயன்படுத்தும். மொழிபெயர்ப்பாளரை நடுவில் வைத்துப் பேசுவதால் சற்றே தாமதமாகும், பொறுத்துக்கொள்ளவேண்டும். உள்ளே ஓடுவதும் வெளியே இருப்பதும் ஒரே இனச் செயலியானால் மெய்ச் செயலியின் துணையையே பெற்று விரைந்து ஓடும். ஆனால் பொறியின் தொடக்க அமைப்பில் அதற்கான அனுமதி திறந்திருக்கவேண்டும். இது தெரியாமல் நான் ஒரு மாலைப்பொழுதை வீணாக்கினேன்.

1969-ல் பெல் ஆய்வகத்தில் பிறந்த யூனிக்ஸின் வழிவந்த அமைப்புகளில், பயனர் பலர் இருந்தாலும் எதையும் மாற்றும் அதிகாரம் ரூட் என்னும் ஒருவருக்கே. பள்ளிப் பொறியில் அந்தக் கடவுச்சொல் ஆசிரியரிடம் இருப்பதே முறை. ஆனால் கியூஎமுவுக்குள் எழும் பொறியிலோ, பிள்ளைதான் ரூட்! தட்டுக்குப் பதிலாக அங்கு இருப்பது ஒரு கோப்பு. ஸ்னாப்ஷாட் என்னும் குறிப்போடு தொடங்கினால், அவள் செய்யும் மாற்றமெல்லாம் தற்காலிகக் கோப்பில் விழும். மூல வட்டுக்கோப்பு தொடப்படாது. அமைப்புக் கோப்புகள் அனைத்தையும் அவள் அழித்துவிடட்டும். பொறி திணறி நிற்கட்டும். சன்னலை மூடிவிட்டு மறுபடி தொடங்கினால் காலையில் வைத்தது வைத்தபடி எழுந்து நிற்கும். அப்பா பணம் கட்ட வேண்டியதில்லை.

இதற்கு வரக்கூடிய மறுப்புகளை அறியாதவள் அல்லேன். பாடத்திட்டத்தில் இல்லாததற்கு நேரமெங்கே என்று சகோதரிகள் கேட்கலாம். நேரம் குறைவுதான். ஆனால் கணிப்பொறியின் அமைப்பு என்று ஒரு பாடமே உண்டு, அதனைக் கண்ணால் காட்டுவதற்கு ஆகும் நேரம் வீணன்று. இதனால் வேலை கிடைக்குமா என்று பெற்றோர் கேட்கலாம். உடனே கிடைக்கும் என்று நான் பொய்யுரைக்கமாட்டேன். மெய்யான பலகையைத் தொட்டுக் கற்பதற்கு எந்தப் பாவனையும் ஈடாகாது என்று பொறியியல் படித்தோர் கூறலாம். ஒப்புக்கொள்கிறேன். சூடாகும் சில்லும், தளர்ந்த கம்பியும், மின்தடையும் பாவனையில் இல்லை. இருந்தும், கைக்கெட்டாத பலகையைவிடக் கைக்கெட்டிய பாவனை மேலல்லவா?

பெற்றோருக்கு ஒன்றுமட்டும் சொல்வேன். இந்த வேலை அமெரிக்காவில்மட்டும் நடப்பதன்று. 2010-ல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் ரிஸ்க்-ஐந்து என்னும் கட்டளைத் தொகுதி தொடங்கப்பட்டது. அதனைக் கையாள யாருக்கும் உரிமைக்கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. அதன்வழியே சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடியின் குழுவினர் சக்தி என்னும் செயலிகளை உருவாக்கி, 2018-ல் அதன்மேல் லினக்ஸை எழச்செய்தனர். அதே ஆண்டில் கியூஎமுவும் ரிஸ்க்-ஐந்தின் வேடம் போடக் கற்றுக்கொண்டது. நாம் பேருந்தில் போய்வரும் திருவனந்தபுரத்தில் சிடாக் நிலையம் வேகா என்னும் பெயரில் அதே வழிச் செயலிகளை உருவாக்கியிருக்கிறது. அங்குள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையமும் சண்டிகர் குறைகடத்தி ஆய்வகமும் சேர்ந்து, ஏவூர்திக்கென விக்ரம் 3201 என்னும் 32 பிட் செயலியை 2025-ல் வெளிக்கொணர்ந்தன. அந்த மையம் வேர்விட்ட தும்பாவும் நம்மைப்போன்ற மீனவர் கரையே. மரிய மதலேனாள் ஆலயத்தையும் ஆயர் இல்லத்தையும் ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரேராவும் அவ்வூர் மக்களும் விட்டுக்கொடுத்த இடத்திலிருந்துதான் 1963 நவம்பர் 21-ல் முதல் ராக்கெட் கிளம்பியது. இடம் கொடுத்த கரைகளின் பெண்பிள்ளைகள் அந்தச் செயலிக்கு நிரல் எழுத ஏன் போகக்கூடாது?

எல்லைக்கு அப்பால் கேரளப் பள்ளிகளில் பிள்ளைகள் பல ஆண்டுகளாக லினக்ஸிலேயே பாடம் பயில்கிறார்கள் என்பதையும் நினைவூட்டிக்கொள்கிறேன்.

தலைமைச் சகோதரியிடம் நான் கேட்பது பெரிதன்று. அறையின் மூலையில் மெதுவாக ஓடுகிறதென்று மூடிவைத்திருக்கும் ஒரு கணிப்பொறி, மாதத்தில் இரண்டு சனிக்கிழமை மாலை, வட்டுக்கோப்பை ஒருமுறை இறக்கிக்கொள்ள இணைய இணைப்பு. பொதிகளை நிறுவும் வேலையையும் மாணவியரே செய்யட்டும், நான் பக்கத்தில் நிற்கிறேன்.

முதலிற் சொன்ன அந்தப் பிள்ளைக்கு அன்று மதியமே என் மடிக்கணினியில் குனுசிம்மைத் திறந்து கொடுத்தேன். "நில்" என்பதை அவளும் மறந்தாள். செயலி போய்க்கொண்டேயிருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சற்று நேரம் திரையையே பார்த்திருந்துவிட்டு, "இதுக்கு நிக்கத் தெரியாது, நாமதான் சொல்லணும், இல்லையா டீச்சர்?" என்றாள். அப்புறம் ஐந்தையும் ஏழையும் விட்டுவிட்டு, இருநூறோடு நூறைக் கூட்டினால் எட்டு இலக்கப் பெட்டியில் எப்படி அடங்கும் என்று தானாகவே போட்டுப் பார்க்கத் தொடங்கினாள். மணியடித்தும் எழுந்திருக்கவில்லை.