காவல் நிலையத்துக்கு முன்னால் ஓர் ஆலோசனை அறை

சண்டை முற்றிய குடும்பம் அரசின் கண்ணில் படுவது பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான். ஒன்று, அனைத்து மகளிர் காவல் நிலையம். மற்றது, குடும்ப நல நீதிமன்றம். 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழகத்தின் முதல் மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது. அன்று முதல் இரு வீட்டாரையும் உட்காரவைத்துப் பேசும் வேலையும் ஆய்வாளர்கள் தலையில் விழுந்திருக்கிறது. நீதிமன்றத்தில் ஆலோசகர் இருக்க 1984-ஆம் ஆண்டின் குடும்ப நல நீதிமன்றச் சட்டமே வழிசெய்கிறது. ஆனால், அவர் முன்னால் உட்கார முதலில் வழக்குப் போட்டாக வேண்டும். குடித்துவிட்டு வரும் கணவன், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பள்ளிக்குப் போக மறுக்கும் மகன், இரவெல்லாம் தூங்காமல் புலம்பும் மாமியார் என்று மூன்று பக்கமும் இடிபடும் ஒரு பெண், புகாரும் வழக்கும் ஆவதற்கு முன்னால் எங்கே போவாள்?

2022-ல் தமிழ்நாட்டில் 19,834 பேர் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவுசெய்தது. மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் நமக்கு. நாடு முழுவதும் நிகழ்ந்த 1,70,924 சாவுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றுக்குக் காரணமாக எழுதப்பட்டிருப்பது ‘குடும்பப் பிரச்சினை’. காவல் துறை ஒரு வரியில் எழுதும் காரணத்தை அப்படியே நம்ப வேண்டியதில்லை. கடனும் குடியும் நோயும் அந்த ஒரு வரிக்குள் ஒளிந்திருக்கும். ஆனால், பேச வேண்டிய இடம் வீடுதான் என்பதையாவது அது காட்டுகிறது.

சட்டத்தில் குறையில்லை. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், கட்டுப்படியாகும் செலவில், எட்டும் தொலைவில் சிகிச்சை பெறுவதை ஒவ்வொருவரின் உரிமை என்கிறது. நோயாளியின் குடும்பத்துக்குத் துணைநிற்கும் சேவைகளையும் அரசே தர வேண்டும் என்கிறது. நடப்பு வேறு. நகரங்களில் தனியார் ஆலோசகரிடம் ஒரு முறை உட்கார்ந்து பேச ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆவது சாதாரணம். 2025-26-க்குத் தமிழ்நாட்டில் நிர்ணயிக்கப்பட்ட நூறு நாள் வேலைக் கூலி 336 ரூபாய். ஆக, ஒரு மணி நேரப் பேச்சின் விலை மூன்று நாள் கூலி. ஒரு முறை பேசினால் தீருகிற காரியமுமல்ல இது; ஆறு, எட்டு முறையாவது போக வேண்டும். காப்பீடு கைகொடுக்குமா? உடல்நோய்க்குச் சமமாக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. ஆனால், பெரும்பாலான காப்பீடுகள் படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் தரும். பேச்சு சிகிச்சைக்கு யார் படுக்கையில் சேர்கிறார்கள்?

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ் குறிப்பிட்ட நாட்களில் வட்ட மருத்துவமனைகளுக்கு மனநல மருத்துவர் வருகிறார். மாத்திரை இலவசமாகக் கிடைக்கிறது. வரிசையில் நிற்பவர்களின் எண்ணிக்கையைப் பார்த்தால், அவர் ஒருவருக்குச் சில நிமிடங்களுக்கு மேல் ஒதுக்க வழியில்லை என்பதும் புரிகிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய 14416 என்ற இலவச எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். வீட்டார் அழைத்தும் யோசனை கேட்கலாம். அவசரத்துக்கு அது பெரிய துணை. ஆனால், கணவனையும் மனைவியையும் மகனையும் ஒரே அறையில் உட்காரவைத்து வாரக்கணக்கில் பேசும் வேலையைத் தொலைபேசி செய்யாது. ஸ்கார்ஃப், ஸ்நேகா போன்ற மனநலத் தொண்டு நிறுவனங்கள் நாற்பதாண்டுகளாகச் செய்துவருவது மதிக்கத்தக்க பணி. இரண்டின் தலைமையிடமும் சென்னை. தெற்கே ராமநாதபுரம் மாவட்டத்தில் இருக்கும் கமுதிக்காரருக்கு அது என்ன பயன்?

ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பயிற்சி பெற்ற ஓர் ஆலோசகர் இருக்க வேண்டும் என்பது நம் கோரிக்கை. இத்தனை உளவியலாளர்களுக்கு எங்கே போவது என்று அதிகாரிகள் கேட்பார்கள். கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்கள் அதற்கு விடை சொல்லிவிட்டன. உளவியல் படிக்காத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, கடுமையான மனச்சோர்வில் இருந்தவர்களோடு ஆறு முதல் எட்டு முறை பேசவைத்தார்கள். மூன்று மாதங்களில் 64 விழுக்காட்டினர் தேறினர். அந்த ஆலோசனை கிடைக்காதவர்களில் தேறியவர்கள் 39 விழுக்காடு. 2017-ல் ‘லான்செட்’ இதழ் வெளியிட்ட முடிவு இது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடுவீடாகப் போய் ரத்த அழுத்தம் பார்க்கும் பெண் தன்னார்வலர்கள் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறார்கள். அவர்களில் விருப்பமும் பொறுமையும் உள்ளவர்களைத் தேர்ந்தெடுக்கலாம்.

ஆனால், இருக்கும் வேலையோடு இதையும் சேர்த்துச் சுமத்தி, ஊக்கத்தொகை என்ற பெயரில் சில்லறையை நீட்டினால் திட்டம் ஆறு மாதம்கூடத் தாங்காது. தனிப் பணி, மாதச் சம்பளம், வாரந்தோறும் அவர்கள் கையாள்வதைக் கேட்டுத் திருத்த ஒரு மருத்துவ உளவியலாளர், ஆபத்தான நிலையில் இருப்பவரை உடனே மருத்துவரிடம் அனுப்பும் ஏற்பாடு ஆகிய நான்கும் வேண்டும். அறைக்குக் கதவு வேண்டும். கூலி வேலை முடிந்து வருபவருக்காக மாலையிலும் அது திறந்திருக்க வேண்டும்.

இன்னொன்றை அதிகாரிகள் மறந்துவிடக் கூடும். நம் ஊர்களில் ரகசியம் தெரு தாண்ட ஒரு பொழுது போதும். அடுத்த வீட்டுக்காரியிடம் யார் மனம் திறப்பார்கள்? சாதியும் அங்கே குறுக்கே நிற்கும். எனவே, ஆலோசகர் அதே ஊர்க்காரராக இருக்கக் கூடாது. பக்கத்து ஒன்றியத்திலிருந்து வர வேண்டும். கேட்டதை வெளியே சொன்னால் வேலை போகும் என்ற விதியும் வேண்டும்.

ஏர்வாடியின் மனநலக் காப்பகம் ஒன்றில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகியது 2001 ஆகஸ்ட் 6-ல். சங்கிலியை அகற்ற அரசு அதன்பிறகு காட்டிய வேகம், நோய் முற்றுவதற்கு முன்னால் பேச ஓர் ஆளைத் தருவதில் வரவில்லை. வரும் நிதிநிலை அறிக்கையில் மனநல ஆலோசகர் பணியிடங்களுக்கெனத் தனித் தலைப்பில் பணம் ஒதுக்கி, முதல் ஆண்டிலேயே தென்கோடி மாவட்டங்களிலிருந்து அரசு இதைத் தொடங்க வேண்டும்.