மலைக் கொல்லைக்கு எந்த டிராக்டர்? குதிரைத்திறனைப் பார்த்து ஏமாறாதீர்!



நம்ம ரிஷிவந்தியம் ஒன்றியம் சமவெளி. கரும்புக் கொல்லையிலும் நெல்லுக் கழனியிலும் 45, 50 குதிரைத்திறன் வண்டி ஓட்டிப் பார்த்துப் பழகிய கண்ணு நம்முடையது. ஆனா நம்ம உறவுமுறையில பலருக்கு மேற்கே கல்வராயன் மலையடிவாரத்துல மரவள்ளிக் கொல்லை இருக்கு. சவுக்கு, தைலமரம் வெச்சவங்க இருக்காங்க. வெள்ளிமலைப் பக்கம் கடுக்காய், பலா மரத்துக்கு நடுவுல சாமையும் மரவள்ளியும் போட்டுப் பிழைக்கிற மலையாளிப் பழங்குடி மக்களும் நம்மைப் போன்ற சிறு விவசாயிகள்தான். இவங்க எல்லோரும் இப்போது கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "மாட்டுக்கு ஆளில்லை, ஏருக்கு ஆளில்லை, மினி டிராக்டர் ஒண்ணு எடுக்கலாமா? எதை எடுக்கலாம்?"

ஷோரூமில் கேட்டால் குதிரைத்திறனும் மாதத் தவணையும்தான் சொல்லுவாங்க. சரிவு நிலத்துக்கு அது இரண்டும் கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம். முதலில் பார்க்க வேண்டியது வண்டி கவிழுமா, கவிழாதா என்பதுதான்.

முதலில் உங்கள் கொல்லையை அளந்து பாருங்கள். பத்தடி நீளக் கழி ஒன்றை எடுத்து, ஒரு முனையை மேட்டில் வைத்து, ரசமட்டம் பிடித்து நேராக நிறுத்துங்கள். அடுத்த முனைக்கும் தரைக்கும் எத்தனை அடி என்று பாருங்கள். ஒரு அடி என்றால் பயமில்லை. இரண்டடி என்றால் அது 11 பாகைச் சரிவு, எச்சரிக்கை வேண்டும். அதற்கு மேல் போனால் சரிவுக்குக் குறுக்கே டிராக்டர் ஓட்டவே கூடாது என்பது நம் சங்கத்தின் கருத்து. "ஓட்டுவான் எங்க டிரைவர்" என்று விற்பவர் சொல்லுவார். வெட்டின மரத்தோட கட்டையும், மழை அரிச்ச குழியும் அவர் கண்ணுக்குத் தெரியாது. மூணடி அகலத்துல சக்கரம் இருக்கிற வண்டியில, கீழ்ப்பக்கச் சக்கரம் அரையடிக் குழியில இறங்கினா போதும், இன்னொரு 10 பாகை சாய்ந்து விடும். 11ம் 10ம் சேர்ந்தால் 21. அதற்குப் பிறகு பிரேக்கும் உதவாது, ஸ்டியரிங்கும் உதவாது.

இதில் ஒரு சிக்கல் இருக்கு. மண் அரிக்காமல் இருக்கணும்னா சரிவுக்குக் குறுக்கே உழணும், நம்ம பாட்டன் காலத்துல இருந்து தெரிஞ்ச சேதி. டிராக்டர் கவிழாமல் இருக்கணும்னா மேலும் கீழுமாக ஓட்டணும். மேலும் கீழுமாக உழுதால் ஒவ்வொரு சாலும் ஒரு வாய்க்கால், ஐப்பசி மழையில மேல்மண் எல்லாம் கோமுகி ஆத்துக்குப் போயிடும். மரவள்ளிக் கொல்லை ஏற்கனவே கிழங்கு பிடுங்கும்போது கிளறிப் போன மண். ஆகவே அதிகச் சரிவில் கல்வரப்பு போட்டுப் படி எடுங்கள், அல்லது மாட்டு ஏர், கையால் தள்ளும் பவர் வீடர் என்று நிறுத்திக் கொள்ளுங்கள். டிராக்டர் போக முடியாத நிலம் என்று ஒன்று உண்டு. அதை ஒத்துக்கொள்வதில் அவமானம் ஒன்றும் இல்லை.

சரி, டிராக்டர் போகிற நிலத்துக்கு வருவோம். சந்தையில் 15 குதிரைத்திறன் மகிந்திரா யுவராஜ் 215 இருக்கு, 24 குதிரைத்திறன் குபோட்டா பி 2441 இருக்கு, 28 குதிரைத்திறன் ஜான் டியர் 3028 இருக்கு, இன்னும் பல இருக்கு. நாங்க எந்தக் கம்பெனிக்கும் ஏஜெண்ட் இல்லை, பெயர் சொல்வது அடையாளத்துக்குத்தான். யுவராஜ் போன்றவை பின்சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டிகள். சமவெளியில் வரிசைக்கு நடுவே களை ஓட்ட அருமையான சாமான். மலைக்கு அது போதாது. மற்ற இரண்டும் நாலு சக்கரமும் இழுப்பவை. மேட்டில் ஏறுவதற்குத்தான் நாலு சக்கர இழுவை என்று பலர் நினைக்கிறார்கள். இறங்கும்போதுதான் அதன் அருமை தெரியும். டிராக்டருக்குப் பிரேக் பின்சக்கரத்தில்தான். மரக்கட்டை ஏற்றிய பெட்டி பின்னால் இருந்து தள்ளும்போது பின்சக்கரம் சறுக்கினால் முடிந்தது கதை. நாலு சக்கரமும் கியரில் இருந்தால் இஞ்சினே நான்கையும் பிடித்து நிறுத்தும். இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரல் போடும் பழக்கம் நம்மிடம் உண்டு. அதை இன்றோடு விடுங்கள். இரண்டு பிரேக் மிதிகளையும் தாழ்ப்பாள் போட்டு ஒன்றாக இணைத்துவிட்டுத்தான் ரோட்டில் இறங்க வேண்டும்.

அகலத்தைப் பாருங்கள். ஒடுக்கமான வண்டி மரத்துக்கு நடுவே புகும், சரிவில் புரளும். சக்கரத்தைத் திருப்பிப் போட்டு அகலம் கூட்ட முடிகிற வண்டியாக வாங்கி, உங்கள் மரவரிசை இடம் கொடுக்கிற அளவுக்கு அகலமாக வைத்துக் கொள்ளுங்கள். முன்னால் எடைக்கட்டி போட இடம் இருக்கா என்று கேளுங்கள். அடியில் ஆயில் சம்ப் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று குனிந்து பாருங்கள், கட்டை மோதினால் அதுதான் முதலில் உடையும். மரம் இழுக்கும்போது சங்கிலியைக் கீழே இழுவைக் கொக்கியில்தான் மாட்ட வேண்டும். டாப் லிங்க் மாட்டும் இடத்தில் மாட்டினால், கட்டை எங்காவது சிக்கியதும் வண்டி முன்பக்கம் தூக்கி ஓட்டுபவர் மேலேயே மல்லாந்து விழும். கண் மூடித் திறப்பதற்குள் நடந்து விடும்.

எல்லாவற்றுக்கும் மேல், சீட்டுக்குப் பின்னால் நிற்கும் பாதுகாப்புக் கம்பி வளைவு. சுவீடன் நாட்டில் 1959லேயே புது டிராக்டருக்கு இது கட்டாயம் என்று சட்டம் போட்டார்கள். பெல்ட்டும் போட்டுக்கொண்டால் வண்டி புரண்டாலும் ஆள் நசுங்குவதில்லை. அங்கே டிராக்டர் புரண்டு சாவது அநேகமாக நின்றே போனது. மரக்கிளை தட்டும் என்றால் மடக்கி வைக்கிற கம்பியும் இருக்கு. நம்ம ஊருக்கு வரும் மினி டிராக்டர் பலவற்றில் கம்பியைக் காணோம், மேல்கூரைத் துணிதான் இருக்கு. 

இப்போது காசுக் கணக்கு. நாலு சக்கர இழுவை வண்டியும் ரோட்டாவேட்டரும் சேர்த்தால் ஆறு லட்சத்தைத் தாண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டர் மேல் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. வரிக்கு முந்தைய விலை ஆறு லட்சம் என்றால் 42,000 ரூபாய் குறைய வேண்டும். பில்லில் அது குறைந்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஆனாலும் இரண்டு ஏக்கர்காரர் ஒருவருக்கு வருஷத்தில் இருபது, முப்பது மணி நேரத்துக்கு மேல் சொந்த வேலை இருக்காது. ஆயிரம் மணி நேரம் ஓடினால்தான் டிராக்டர் கட்டுபடி என்பது பாங்குக்காரர்களே போடும் கணக்கு. மீதி நேரத்துக்கு வாடகைக்கு ஓட்டத்தான் வேண்டும். தவணை கட்ட வேண்டுமே என்று ஓட்டக் கூடாத சரிவிலும் ஓட்டுவோம். மலைக் கொல்லையில் உயிர் போவது இப்படித்தான். ஆகவே தனியாக வாங்காதீர்கள், ஏழெட்டுப் பேர் சேர்ந்து வாங்குங்கள்.

அரசு என்ன செய்கிறது? வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கம் 2014-15ல் இருந்து நடக்கிறது. சிறு குறு விவசாயி, பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு 50 சதவீதம், மற்றவர்க்கு 40 சதவீதம், உச்சவரம்புக்கு உட்பட்டு. தாழ்த்தப்பட்ட, பழங்குடிச் சிறு குறு விவசாயிக்கு மாநில அரசு மேலும் 20 சதவீதம் சேர்க்கிறது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் மனுவோடு சிட்டா கேட்பார்கள். ஜாகீர்தார் பிடியில் இருந்து கல்வராயன் மலையை அரசு எடுத்தது 1976ல். அதற்குப் பிறகும் மலையில் உழுபவன் கையில் பட்டா முழுசாக வந்து சேரவில்லை. வன உரிமைச் சட்டம் 2006ல் வந்தது. தமிழ்நாட்டில் நீதிமன்ற உத்தரவால் 2008ல் இருந்து 2016 வரை உரிமைப் பத்திரம் கொடுப்பது முடங்கிக் கிடந்தது. அந்தப் பத்திரத்தை விற்கவும் முடியாது, அடமானம் வைக்கவும் முடியாது. ஆகவே பாங்கு கதவும் மூடல். சரிவில் நல்ல வண்டி யாருக்கு அவசியமோ அவனுக்குத்தான் மானியம் எட்டாக்கனி!

எனவே நம் கோரிக்கை இதுதான். வன உரிமைப் பத்திரத்தைச் சிட்டாவுக்குச் சமமாக ஏற்று மானியம் கொடு! பாதுகாப்புக் கம்பி இல்லாத வண்டிக்கு மலைப் பகுதியில் மானியம் கொடுக்காதே! வேளாண்மைப் பொறியியல் துறை, சமவெளிக்குப் பெரிய டிராக்டர் வாடகைக்கு விடுவது போல, வெள்ளிமலையில் நாலு சக்கர இழுவை மினி டிராக்டர்களைப் பயிற்சி பெற்ற ஓட்டுநரோடு நிறுத்தி வை! அடிவாரத்தில் ஒரு இடம், மலையில் ஒரு இடம், சிறு விவசாயிக்குக் கட்டுபடியாகும் மணி வாடகை.

வரும் மாதம் கள்ளக்குறிச்சி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்ப்புக் கூட்டத்தில் இந்த மனுவைக் கொடுக்கிறோம். மலைக் கொல்லை வைத்திருப்பவர்கள் சிட்டா நகல் அல்லது வன உரிமைப் பத்திர நகல், ஆதார் நகல், கழி வைத்து அளந்த சரிவுக் கணக்கு ஆகியவற்றை உங்கள் ஊர்க் கிளைச் செயலாளரிடம் முன்கூட்டியே கொடுங்கள். பத்திரமே இல்லாதவர்கள் எத்தனை வருஷமாக உழுகிறோம் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். அதையும் மனுவோடு இணைக்கிறோம்.